ஏறாத வண்டிக்கு ஏற்காடு பேரு

மாப்ள, ஏற்காடு எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் போட்டாச்சு, ஏற்காட்டுல இறங்கினதும் போன் பண்றேன்னு சேதி அனுப்பியிருக்க. உங்க அத்தைகிட்டப் படிச்சுக் காட்டினேன். "எல்லாம் உங்க தங்கச்சி வளர்த்த லட்சணம்"னு ஒரே வாக்கியத்துல முடிச்சுட்டு அடுப்படிக்குப் போயிட்டா. நான் அப்படி விட்டுட முடியுமா? தாய்மாமன் ஆச்சே. சீர் செய்ய வசதி இல்லாட்டியும் புத்தி சொல்றதுக்குக் காசா பணமா?

அந்த வண்டி ஏற்காட்டுக்குப் போகாது, மாப்ள. எந்த வண்டியும் போகாது. ஏற்காட்டுல ஒரு முழம் தண்டவாளம்கூடக் கிடையாது. சென்ட்ரல்ல ராத்திரி ஏறிப் படுத்தா, விடியறதுக்கு முன்னாடி சேலம் ஜங்ஷன். அங்க இறங்காமத் தூங்கினா ஈரோடு. வண்டி அதோட முடிஞ்சுது. ஈரோட்டுல முழிச்சேன்னா வெறுங்கையோட வராத, ரெண்டு கிலோ மஞ்சள் வாங்கிக்கிட்டு வா. வீட்டுக்கு ஆகும்.

ரயில்வேக்கு மலைப் பேருன்னா ஒரு ஆசை. மலைதான் ஆகாது. ஏலகிரி எக்ஸ்பிரஸ் ஜோலார்பேட்டையோட நின்னுக்கும். ஏலகிரியை பிளாட்பாரத்துல நின்னு அண்ணாந்து பாத்துக்க வேண்டியதுதான். நீலகிரி எக்ஸ்பிரஸ் மேட்டுப்பாளையத்தோட சரி. பொதிகை எக்ஸ்பிரஸ் செங்கோட்டையோட சரி. கொடைக்கானல் பக்கம் மட்டும் கொஞ்சம் நேர்மை இருக்குது. அங்க ஸ்டேஷனுக்கே 'கொடை ரோடு'ன்னு பேரு வெச்சுட்டாங்க. இங்க இறங்கிக்கோ, மலை இன்னும் 80 கிலோமீட்டர், அது உன் பாடுன்னு அப்பவே கை கழுவிட்டாங்க. நம்ம வண்டி பேரை மட்டும் வாங்கிக்கிட்டு அந்த விவரத்தைச் சொல்லாம விட்டுருச்சு.

சரி, ஏறத்தான் இல்ல, பாக்கவாவது பாக்குதான்னா அதுவும் இல்ல. ராத்திரி பதினொரு மணி வாக்குல சென்னையில கிளம்பற வண்டி, சேர்வராயன் மலையோட காலடியைத் தாண்டறப்ப மணி மூணு சொச்சம். திரும்பிப் போறப்ப ஈரோட்டுல ராத்திரி ஒன்பது வாக்குல எடுத்து, சேலத்தைப் பத்துக்குத் தாண்டி, மறுபடியும் இருட்டுக்குள்ளயே மலையைக் கடந்துரும். போறப்பவும் தூக்கம், வர்றப்பவும் தூக்கம். அந்த வண்டியிலயே தலை நரைச்ச டி.டி.ஆர்.கூட அதுல இருந்து ஏற்காடு மலையைப் பாத்திருக்க மாட்டார்.

நான் பொம்மிடிப் பக்கம் கேங்குல வேலை பாத்தவன்னு உனக்குத் தெரியும். கீமேன் வேலைன்னா என்னன்னு உனக்குத் தெரியாது. தோள்ல சுத்தியல், ஸ்பேனர், சிவப்புக் கொடி, பச்சைக் கொடி, பட்டாசு வில்லை. விடியறதுக்கு முன்னாடி கிளம்பி தண்டவாளத்தோரமா நடந்து, அதை இறுக்கிப் பிடிக்கற ஒவ்வொரு சாவியையும் தட்டிப் பாக்கணும். இறுகின சாவி 'ணங்'குங்கும். தளர்ந்த சாவி 'டொக்'குங்கும். தலைக்கு மேல மலை இருக்கும். நாங்க குனிஞ்ச தலை நிமிராம சாவியைப் பாத்துக்கிட்டு நடப்போம். நிமிந்து மலையைப் பாத்ததெல்லாம் பென்ஷன் வந்தப்புறம்தான். பழைய கெஜட்டியரையும் ரயில்வேப் புத்தகத்தையும் நூலகத்துல புரட்டினதும் அப்புறம்தான். அதுல படிச்சதைச் சொல்றேன் கேளு. உன் செல்போனை ஒரு பத்து நிமிஷம் கவுத்து வை.

தென்னாட்டோட முதல் ரயில் 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்துல இருந்து வாலாஜா ரோடு வரைக்கும் ஓடுச்சு. மெட்ராஸ் ரயில்வே கம்பெனி விட்டது. லண்டன்ல பங்கு வித்த கம்பெனி. போட்ட முதலுக்கு சர்க்கார் வட்டி உத்தரவாதம் குடுத்திருந்துச்சு, நூத்துக்கு அஞ்சு வரைக்கும். ரயில்ல லாபம் வந்தாலும் நஷ்டம் வந்தாலும் வட்டி போய்ச் சேந்துரும். குறைஞ்சதை இந்த ஊர் வரிப்பணத்துல இருந்து எடுத்து வெப்பாங்க. நம்ம சந்தையில வட்டிக்கு விடறவன்கூட அசல் போயிருமோன்னு ராத்திரியில நாலு தடவை எந்திரிச்சு உக்காருவான். அந்த லண்டன் பங்குதாரருக்கு அந்தக் கவலை கிடையாது. ரயில் பயணத்துல நிம்மதியாத் தூங்கற பழக்கத்தை ஆரம்பிச்சு வெச்சதே அவங்கதான்.

அவங்க எண்ணம் கிழக்குக் கடலையும் மேற்குக் கடலையும் இணைக்கறது. நடுவுல மேற்குத் தொடர்ச்சி மலை. அதுல பாலக்காட்டுக்கிட்ட ஒரு கணவாய் திறந்து கிடக்குது. அந்த வாசலைக் குறி வெச்சு பாதை போட்டாங்க: அரக்கோணம், ஜோலார்பேட்டை, சேலம், ஈரோடு, போத்தனூர். மேற்குக் கடல் பக்கம் 1861-ல பேப்பூருக்கும் திரூருக்கும் நடுவுல வண்டி ஓட ஆரம்பிச்சுது. 1862-ல ரெண்டு பக்கத்துப் பாதையும் சேந்துச்சு. வழியில வந்த மலையை எல்லாம் ஒதுங்கி ஒதுங்கித்தான் அந்தக் கோடு வந்திருக்குது. ஜவ்வாதும் ஏலகிரியும் ஒரு பக்கம் விட்டாச்சு, சேர்வராயனை இடது பக்கம் விட்டாச்சு. சேலம் டவுனையும் விட்டு சூரமங்கலத்துல ஸ்டேஷனைக் கட்டினாங்க. ஊருக்குள்ள ஸ்டேஷன் வேணும்னா விருத்தாசலம் போற மீட்டர் கேஜ் பாதை வர்ற வரைக்கும் சேலத்துக்காரன் காத்திருக்க வேண்டியதாப் போச்சு. ஊருக்கே ஒதுங்கின ரயில் மலை மேல ஏறுமா?

ஏறாததுக்குக் கணக்கு இருக்குது, நீ இன்ஜினீயர், உனக்குப் புரியும். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்துல உருளறப்ப உராய்வு ரொம்பக் கம்மி. அதனாலதான் ஒரு இன்ஜின் ஆயிரக்கணக்கான டன்னை அலட்டிக்காம இழுத்துக்கிட்டுப் போகுது. சமதளத்துல அது வரம். ஏத்தம் வந்துட்டா பொங்கலுக்கு வழுக்கு மரம் ஏறற கதை. சாதாரண ரயிலுக்கு 40 மீட்டர் போய் 1 மீட்டர் ஏறறதே பெரிய ஏத்தம். சேலம் கடல் மட்டத்துக்கு மேல சுமார் 280 மீட்டர். ஏற்காடு 1,500 மீட்டர் சொச்சம். வித்தியாசம் 1,220-ன்னு வை. நாப்பதுக்கு ஒண்ணுன்னு ஏறினா 49 கிலோமீட்டருக்கு மலையைச் சுத்திச் சுத்தித் தண்டவாளம் போடணும். நம்ம ரோடு என்னடான்னா 20 கொண்டை ஊசி வளைவுல மூக்கை ஆகாசத்துக்குத் தூக்கிக்கிட்டு ஏறிப் போயிருது. பஸ் திரும்பற அந்த முடுக்குல ரயில் பெட்டி திரும்பாது.

பாறையும் சாமானியப் பாறை இல்ல. சேர்வராயன் மலை பெரும்பாலும் சார்னோகைட். உளியை வெச்சா உளி பேசும், கல்லு பேசாது. தாமஸ் ஹாலந்துன்னு ஒரு நிலவியல் அதிகாரி இந்தச் சாதிக் கல்லுக்குப் பேரு வெக்கறப்ப, கல்கத்தாவுல ஜோப் சார்னாக்குங்கற கம்பெனிக்காரரோட சமாதிக்கல் இதே கல்லா இருக்கறதைப் பாத்து அவர் பேரையே வெச்சுட்டார். கல்லு நம்மளது, பேரு கல்கத்தாவுல படுத்திருக்கறவரோடது. இந்த மலைக்கும் பேருக்கும் ராசியே அப்படி.

"ஊட்டிக்கு மட்டும் ஏறுதே மாமா"ன்னு நீ கேப்ப. கேக்கலேன்னாலும் சொல்றதாத்தான் இருந்தேன்.

ஊட்டிக்கு ரயில் விடணும்னு 1854-லயே பேச்சு கிளம்பிருச்சு. குன்னூர் வரைக்கும் வண்டி போனது 1899-ல. ஊட்டி போய்ச் சேந்தது 1908-ல. பேச்சுக்கும் வண்டிக்கும் நடுவுல 54 வருஷம். அதுக்கும் சுவிட்சர்லாந்துக்காரன் ரோமன் அப்ட்டோட உபாயம் வேண்டியிருந்துச்சு. ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுல பல்லு வெச்ச இரும்புப் பட்டை; இன்ஜின் வயித்துக்கு அடியில பல்சக்கரம். கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்கும் அந்த வண்டி நெசமாவே பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் ஏறுது, சுமார் 12 மீட்டருக்கு 1 மீட்டர். இன்ஜினும் சுவிட்சர்லாந்து விண்டர்தூர்ல செஞ்சது. 46 கிலோமீட்டருக்கு 16 குகை, 200-க்கு மேல வளைவு, கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம். 2005-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம்னு பட்டம் குடுத்துச்சு. இங்க அதே உபாயத்துல ஏறினா 15 கிலோமீட்டர்ல ஏற்காடு. கணக்கு இடிக்கல. இடிச்சது வேற.

ஊட்டி, கோடை காலத்துல மெட்ராஸ் சர்க்காரே மூட்டை கட்டிக்கிட்டுப் போய் உக்காந்த ஊரு. கவர்னர், செக்ரட்டரி, ஃபைல், குமாஸ்தா எல்லாம் மலை மேல. ஏற்காட்டுல யாரு? 1820-களில் சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் காப்பிச் செடி கொண்டுவந்து வெச்சார். அவருக்குப் பின்னால தோட்டத்து துரைங்க, பாதிரிமாருங்க, பள்ளிக்கூடம். கவர்னர் போற மலைக்கு ரயில். கலெக்டர் போற மலைக்குக் குதிரை. குதிரையும் இல்லாத துரைசாணிக்கு நாலு ஆள் தோள்ல நாற்காலி. அந்த நாலு ஆளு யாருன்னு கேக்காத. எந்தக் கெஜட்டியர்லயும் அவங்க பேரு இருக்காது.

இதைவிட வேடிக்கை ஒண்ணு. 2007 நவம்பர் 1-ஆம் தேதி சேலத்துக்குன்னு தனி ரயில்வே கோட்டம் பிறந்துச்சு. ஊட்டி மலை ரயிலும் இந்தக் கோட்டத்துக்குள்ளதான் வருது. சேலத்து அதிகாரி ஆபீஸ் வாசலுக்கு வந்தா எதிர்க்க நிக்கறது சேர்வராயன். அதுக்கு ரயில் இல்ல. அவர் கையெழுத்துப் போடறது கண்ணுக்கே தெரியாத நீலகிரிக்கு. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானே வளரும்பாங்க. நம்ம பிள்ளை 160 வருஷமா அப்படியேதான் நிக்குது, அது தானே 1,500 மீட்டர் வளந்துட்டதால யாரும் கண்டுக்கல.

அதுக்காக ரயிலுக்கும் இந்த மலைக்கும் சம்பந்தமே இல்லைன்னு நினைச்சுக்காத. சம்பந்தம் பலமா உண்டு. ரயில் மலை மேல ஏறல; மலைதான் ரயிலுக்காக இறங்கி வந்துச்சு.

இரும்பு முதல்ல இறங்குச்சு. ஜோசையா மார்ஷல் ஹீத்துன்னு ஒரு கம்பெனி உத்தியோகஸ்தர் வேலையை விட்டுட்டு 1830 வாக்குல பரங்கிப்பேட்டையில உலை வெச்சார். இரும்புக் கல்லு சேலம் ஜில்லாவுல இருந்து. அவரோட கம்பெனிக்கு பேப்பூர்லயும் ஒரு உலை, பின்னால நம்ம ரயில் போய் முட்டின அதே பேப்பூர். அந்த இரும்பு சீமைக்குக் கப்பல் ஏறி, வேல்ஸ்ல 1850-ல திறந்த பிரிட்டானியா ரயில் பாலத்துக்கும் போச்சுன்னு பழைய புத்தகங்கள்ல எழுதி வெச்சிருக்காங்க. நம்ம ஊருக்கு ரயில் வர்றதுக்குப் பத்து வருஷம் முன்னாடியே நம்ம ஊரு ரயிலுக்குப் போயிருச்சு.

அப்புறம் மரம் இறங்குச்சு. தண்டவாளத்துக்கு அடியில ஸ்லீப்பர் கட்டை வேணுமில்ல? மெட்ராஸ் மாகாணத்துக்கு மட்டும் வருஷத்துக்கு 2,50,000 கட்டைக்கு மேல, அதாவது 35,000 மரம் வேணும்னு 1860 வாக்குல கணக்கு. காட்டிலாகாவைத் தொடங்கி வெச்ச கிளெகார்ன் அப்பவே கவலைப்பட்டு எழுதினார். போட்ட கட்டையும் வெயில்லயும் மழையிலயும் கறையான்லயும் சீக்கிரமே உளுத்துரும், மறுபடியும் வெட்டணும். இன்ஜின் எரிக்கற விறகு வேற. ஜவ்வாது மலை அப்படித்தான் மொட்டையாச்சு. ரயில்ல குளுகுளுன்னு மலைக்குப் போகணும்னு ஆசைப்படறவன், மலையோட குளிர்ச்சி எதுல இருந்து வருதுன்னு அந்த மரத்தைக் கேக்கணும். இப்போ கான்கிரீட் ஸ்லீப்பர் வந்தாச்சு. மரம் பிழைச்சுது, கீமேன் சாவி தட்டற சத்தமும் மாறிப்போச்சு.

மூணாவதா வெள்ளைக் கல்லு. சேலம் வர்றதுக்கு முந்தின ஸ்டேஷன் பேரு மேக்னசைட் ஜங்ஷன். ஊர்ப் பேரு இல்ல, சாமி பேரு இல்ல, ஆள் பேரு இல்ல, கல்லுப் பேரு. சேர்வராயன் அடிவாரத்துல வெளுப்பா மேடு மேடாத் தெரியுமே, அதுதான் மேக்னசைட். அதைச் சுட்டு செங்கல்லாக்கி எஃகு உலைக்குள்ள சுவரா அடுக்குவாங்க. உருகின எஃகோட சூட்டைத் தாங்கற கல்லு. அந்த எஃகுல இருந்துதான் தண்டவாளம் வருது. ஆக, மலை காலடி மண்ணு உலைக்குள்ள வெந்துதான் உன் வண்டி ஓடற பாதையே உண்டாகுது. அங்கிருந்து ஓமலூர் வழியா மேட்டூருக்கு ஒரு கிளை பிரியுது. மேட்டூர் அனல் மின் நிலையத்துக்கு இன்னைக்கும் நிலக்கரி அந்த வழியாத்தான் போகுது. மலை உச்சியில இருந்த பாக்சைட்டும் மேட்டூர் அலுமினியத் தொழிற்சாலைக்கு லாரி லாரியா இறங்குச்சு. காப்பிக்கொட்டை இறங்குச்சு, மிளகு இறங்குச்சு, ஆரஞ்சு இறங்குச்சு. மேல ஏறினது பிளாஸ்டிக் பாட்டிலும் உன்னை மாதிரி ஆளுங்களும்தான்.

தரையில போட்ட ரயிலுக்கே இங்க ஆயுசு கெட்டி இல்ல, மாப்ள. மொரப்பூர்ல இருந்து தர்மபுரிக்கு 1906-ல ரெண்டரை அடி அகலத்துல ஒரு குட்டி ரயில் விட்டாங்க. 1913-ல ஓசூர் வரைக்கும் நீண்டுச்சு. பஞ்சம் வந்தா தானியம் கொண்டு போறதுக்குன்னு போட்ட பாதை. திருப்பத்தூர்–கிருஷ்ணகிரிக்கும் அப்படி ஒண்ணு 1905-ல. ரெண்டாம் உலகப் போர் சமயத்துக்குள்ள ரெண்டையும் மூடியாச்சு. மொரப்பூர்–தர்மபுரிக்கு மறுபடியும் பாதை போட 2019-ல அடிக்கல் நாட்டினாங்க. சமதளத்துல, இருந்த ரயிலை எடுத்துட்டுத் திரும்பக் கேக்கறதுக்கே ஏழெட்டுப் பத்து வருஷம் ஆச்சுன்னு நினைக்காத, எழுபது எண்பது வருஷம் ஆயிருச்சு. நீ மலை மேல ரயில் கேட்டு மனுப் போட்டா, உன் பேரன் என் கொள்ளுப்பேரன்கிட்ட வந்து என்னாச்சுன்னு விசாரிப்பான்.

சரி, திட்டினது போதும். உருப்படியா ஒரு யோசனை சொல்றேன். அந்த ராத்திரி டிக்கெட்டை ரத்து பண்ணிட்டு பகல் வண்டியில வா. கோவை எக்ஸ்பிரஸ் இருக்குது, விடிகாலையில எடுத்து மதியத்துக்கு முன்னாடி சேலம் வந்துரும். 2023-ல இருந்து வந்தே பாரத்தும் ஓடுது. ஆனா அதுல ஜன்னல் திறக்காது, மலையை அலமாரிக் கண்ணாடி வழியாப் பாத்துக்கணும். காசு ஜாஸ்தி, காத்து கம்மி.

சென்ட்ரலுக்கு அரை மணி நேரம் முன்னாடியே வந்து, உள்ள ஓடறதுக்கு முன்னாடி வாசல்ல நின்னு தலையைத் தூக்கிப் பாரு. ஜார்ஜ் ஹார்டிங் வரைஞ்சு, ராபர்ட் சிஸோம் கை வெச்சு முடிச்ச கட்டடம், 1873. எழும்பூர் 1908, ஹென்றி இர்வின் வரைஞ்சதை நம்ம சாமிநாத பிள்ளை கட்டி நிறுத்தினார். ராயபுரத்துல கிரேக்கக் கோயில் தூண் கணக்கா வரிசையா நிக்குது. தூணும் கோபுரமும் பட்டணத்துக்கு. வழியில இருக்கற எங்க மாதிரி ஊருக்கு ஒரு ஓட்டு வில்லைக் கூரை, ஒரு சிமெண்டு பெஞ்சு, ஒரு வேப்ப மரம். மணி வாங்கிக் குடுக்கக்கூட மனசு வரல. உடைஞ்ச தண்டவாளத் துண்டைக் கயித்துல தொங்க விட்டு இரும்புத் தடியால தட்டுவாங்க. ஆனா அந்த ஓசை மூணு மைல் கேக்கும். சென்ட்ரல் கோபுரத்து மணி என்னைக்காவது உன் காதுல விழுந்திருக்குதா?

வண்டி நின்ன ஸ்டேஷன்லயெல்லாம் மஞ்சள் பலகையோட அடி வரியைப் படி. கடல் மட்டத்துல இருந்து எத்தனை மீட்டர்னு எழுதியிருக்கும். சென்னையில ஒத்தை ஒத்தை மீட்டர். ஜோலார்பேட்டையில 400 வாக்குல. சேலத்துல மறுபடியும் 280. ராத்திரி வண்டியில வந்திருந்தா நீ தூங்கிக்கிட்டே ஒரு மேட்டை ஏறி இறங்கியிருப்ப, உனக்குத் தெரியாமயே. பாதையோரத்துல குட்டைக் கம்பத்துல ரெண்டு கை வெச்ச பலகை நிக்கும். ஒரு கை மேல பாத்தா அந்தப் பக்கம் ஏத்தம், கீழ பாத்தா இறக்கம். மேல இருக்கற எண்ணு எத்தனைக்கு ஒண்ணுன்னு சொல்லும். டிரைவருக்கு வெச்சது, பாத்தா உனக்கும் காசு கேக்க மாட்டாங்க.

மொரப்பூர் தாண்டினதும் இடது பக்க ஜன்னலுக்கு வந்துரு. யாராவது இருந்தா "மாமா ஊரு வருது"ன்னு சொல்லி எடம் கேளு, குடுப்பாங்க. பொம்மிடியில இருந்து சேர்வராயன் எழும்ப ஆரம்பிக்கும். லோக்கூர்கிட்ட ரெண்டு பக்கமும் காடும் மலையும் நெருக்கிக்கிட்டு வரும். வண்டி வளைஞ்சு வளைஞ்சு போகும். உன் ஜன்னல்ல இருந்தே உன் வண்டியோட இன்ஜினைப் பாக்கலாம். அந்த வளைவுல வெளிப்பக்கத் தண்டவாளத்தை உள்பக்கத்தைவிட உசத்திப் போட்டிருப்பாங்க, வேகத்துல வண்டி வெளிய சாயாம இருக்க. மேட்டை வெட்டின மண்ணைப் பள்ளத்துல கொட்டி, எங்க வெட்டினது எங்க நிரப்பினதுன்னு தெரியாத அளவுக்குக் கோடு இழுத்திருப்பாங்க. குகையும் இல்ல, பிரமாண்டப் பாலமும் இல்ல, அதனால யாரும் போட்டோ எடுக்க மாட்டாங்க. இடைவெளியைக் கண்டுபிடிச்சு நுழையறதுக்கும் ஒரு கட்டடக் கலை வேணும். ஊட்டி ரயில் மலையை ஜெயிச்சுதுன்னு எழுதறாங்க. இங்க மலைகிட்ட மரியாதையா வழி கேட்டு வாங்கியிருக்காங்க.

தின்னப்பட்டி, கருப்பூர் தாண்டி, வெள்ளைக் கல்லு ஜங்ஷனும் தாண்டினா சேலம். இறங்கி பஸ் ஏறு. 20 வளைவையும் பலகை போட்டு எண்ணி வெச்சிருப்பாங்க. நீ எண்ணிக்கிட்டே வந்தா வாந்தி வராது. கூட்டமா இருந்தா குப்பனூர் வழியாவும் ஒரு மலைப்பாதை இருக்குது.

மேல போனதும் சேர்வராயன் கோயிலுக்குப் போய்க் கும்பிடு. 5,326 அடி. குகைக்குள்ள சேர்வராயனும் காவேரி அம்மனும் இருக்காங்க. அந்தக் குகை அப்படியே உள்ளுக்குள்ளயே போய்த் தலைக்காவேரியில முடியுதுன்னு மலைக்காரங்க சொல்லுவாங்க. நம்பறியோ இல்லையோ, இந்த மலையில சுரங்கப்பாதைன்னு ஒண்ணு இருந்தா அது அவரோடதுதான். சர்வே இல்ல, டெண்டர் இல்ல, கர்நாடகாக்காரன்கிட்ட தடையில்லாச் சான்று வாங்கல, ஒரு மரம் விழல. யுனெஸ்கோக்காரன் வந்து பாக்கணும்னா குனிஞ்சுதான் உள்ள போகணும்.

கோயில் வாசல்ல நிக்கறப்ப பட்டணத்துப் புத்தி எட்டிப் பாக்கும். "இங்க ஒரு மலை ரயில் விட்டா எப்படி இருக்கும்!"னு தோணும். முகநூல்ல எழுதணும்னு கை துறுதுறுங்கும். எழுது, வேணாங்கல. ஆனா கேக்கறதைச் சரியாக் கேளு. மேல ரயில் விட்டா முதல் வருஷம் நீ வருவ, ரெண்டாம் வருஷம் உன் ஆபீஸே வரும், மூணாம் வருஷம் மலைக்கு மேல சூரமங்கலம் வந்துரும். அப்புறம் குளிருக்கு எங்க போவ?

அதனால மனுவுல ஒரே ஒரு வரி எழுது: ஏற்காடு எக்ஸ்பிரஸை வாரத்துக்கு ஒரு நாளாவது பகல்ல விடுங்க. தண்டவாளம் வேண்டாம், பல்சக்கரம் வேண்டாம், சுவிட்சர்லாந்து வேண்டாம், கவர்னரும் வேண்டாம். அட்டவணையில ஒரு எண்ணை மாத்தினாப் போதும், பேரு வெச்ச மலையை அந்த வண்டியும் ஒரு தடவை கண்ணால பாத்துரும். முதல் கையெழுத்து நான் போடறேன், ரெண்டாவது உங்க அத்தை போடுவா. பதில் என்ன வரும்னும் இப்பவே சொல்லிடறேன்: "தங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டது. நேரத்தை மாற்ற இயலாது. விருப்பமானால் பெயரை மாற்றித் தருகிறோம்."